கேள்வியோடு வா

1586இல் புன்னைக்காயலில் அண்டிரீக் அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ அச்சானபோது சென்னைக் கோட்டையே எழும்பவில்லை. முத்துக்குளித்த கரைக்கு அச்சுப் புத்தகம் அவ்வளவு பழைய சொந்தம். தூத்துக்குடிப் பள்ளியில் நூலகராக இருந்த எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

“முத்துக்குளிப்பு பத்தி எழுதணும், புக் குடுங்க சார்” என்று பிள்ளைகள் வருவார்கள்.

“மொதல்ல கேள்விய எழுதிட்டு வாடே.”

‘கடைசியாக எப்போது?’ என்றான் ஒருவன். 1961. ஒரே வரியில் தீர்ந்தது. ‘குளியாளுக்குக் கயிறு பிடித்தது யார்?’ என்று எழுதியவள்தான் கெட்டிக்காரி. தமிழாசிரியர் அவளைத் திரேஸ்புரத்துக் கடற்கரைப் பெரியவர்களிடம் அனுப்பினார். “மச்சான்தான், தங்கச்சி தாலி அவன் கையில இருக்கே!” என்றார்களாம். பிறகுதான் சங்கு குளிப்பதையும் சொல்லும் ஜேம்ஸ் ஹார்னெலின் 1914ஆம் ஆண்டு சங்கு நூலை அவளிடம் நீட்டினேன்.

ஆசிரியர்களே, அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளை நோட்டோடு அனுப்புங்கள்.