ஒட்டிக்கொண்ட நாடாவுக்குள் ஒலிக்கும் குரல்கள்

1946 ஏப்ரல் 1இல் ரேடியோ மலாயா ஒலிக்கத் தொடங்கியது. 1959இன் தொடக்கத்தில் அது கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தது. இன்று அங்காசாபுரியிலிருந்து ஒலிக்கும் மின்னல் எஃப்எம், அதன் தமிழ்ப் பிரிவின் வழிவந்தது.

அக்கால வானொலி நிலையங்கள் பல, அலுமினியத் தகட்டில் அரக்குப் பூசிய தட்டுகளில் பதிவு செய்தன. வயதானால் பூச்சு சுருங்கி உரிந்துவிடும். ஊசி வைக்க முடியாது. இதற்கு அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபரும் விட்டாலி ஃபடேயெவும் வழி கண்டார்கள். தட்டின் வரிப்பள்ளத்தை நுணுக்கமாகப் படம் பிடித்து, ஊசி போகும் பாதையைக் கணினியில் கணக்கிட்டு ஒலியை எடுத்தார்கள்.

ஒலிநாடாக்களின் சிக்கல் வேறு. கிள்ளான் பள்ளத்தாக்கின் புழுக்கம் அவற்றுக்குப் பெரும்பகை. பழைய அசிட்டேட் நாடா கெட்டால் காடி நெடி வீசும். 1970களின் பாலியெஸ்டர் நாடாக்கள் பலவற்றில் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். ஓடவிட்டால் கீச்சிடும், பழுப்புப் பொடி உதிரும். அவற்றை ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸில் பல மணிநேரம் மெல்லச் சூடாக்கினால், சில வாரங்களுக்கு மறுபடி ஓடும். அதற்குள் கணினிக்கு மாற்றிவிட வேண்டும். அசிட்டேட் நாடாவைச் சூடாக்கவே கூடாது.

பிரிக்ஃபீல்ட்ஸிலும் கிள்ளானிலும் விற்ற திரைப்பாட்டு கேசட்டுகளுக்கு வேறு பிரதிகள் கிடைக்கும். திருமண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் பதிந்தவற்றுக்கு இரண்டாம் பிரதி கிடையாது. முதலில் காப்பாற்ற வேண்டியவை அவையே. வெண்பூஞ்சை படர்ந்திருந்தால் ஓடவிடாமல் தூய்மை செய்ய வேண்டும். உறை உடைந்திருந்தால் திருகுகளைக் கழற்றி, நாடாச் சுருளைப் புது உறைக்கு மாற்றலாம்.

ஓடும் இயந்திரங்களும் பழுதுபார்ப்போரும் அருகிவருவதால் 2025க்குள் நாடாக்களைக் கணினிக்கு மாற்றிவிடும்படி 2019இல் யுனெஸ்கோ எச்சரித்தது. அந்தக் கெடு வந்துவிட்டது.