போர்வையை வரையக் கூலி கொடுத்த அரசு

இன்று ஒரு போர்வையின் வரலாறு. சரியாகச் சொன்னால், போர்வைகளைப் பார்த்து வரைந்த நீர்வண்ணப் படங்களின் வரலாறு.

1929-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. 1933-இல் அங்கே ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. ஓவியர்களும் தவித்தார்கள். அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு 1935-இல் தொடங்கிய வேலைவாய்ப்புத் திட்டத்தில் அவர்களுக்கும் இடம் கொடுத்தது. அதில் ஒரு பிரிவு 'அமெரிக்க வடிவமைப்புத் தொகுப்பு'. பொம்மை, மண்பாண்டம், நாற்காலி, போர்வை என்று மக்கள் புழங்கிய பழைய பொருள்களை உள்ளது உள்ளபடி வரைய வேண்டும். அதற்கு அரசு கூலி கொடுத்தது.

போட்டோ எடுத்திருக்கலாமே என்பீர்கள். வண்ணப் புகைப்படம் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. நிறத்தை நம்ப முடியாது. அதனால் தூரிகையை நம்பினார்கள்.

கணக்குப் பாடம் நடத்திய எனக்கு அந்தப் படங்களில் போர்வைகள்தான் பிடிக்கும். துணித் துண்டுகளை வெட்டி இணைத்துத் தைப்பவை, 'குவில்ட்' என்பார்கள். எட்டுமுனை நட்சத்திரப் போர்வையைப் பாருங்கள். நடுவில் எட்டு சாய்சதுரங்களின் கூர்முனைகள் கூடுகின்றன. ஒவ்வொன்றும் 45 பாகை. எட்டும் சேர்ந்தால் 360. ஒவ்வொரு துண்டிலும் ஒரு பாகை குறைந்தால் மொத்தத்தில் எட்டு குறையும். போர்வை படியாமல் நடுவில் குவிந்து நிற்கும். கோணமானி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை மடித்தால் 45 பாகை கிடைத்துவிடும்.

'மரக்குடில்' வடிவம் இன்னொரு அழகு. நடுவில் சிறு சதுரம், சுற்றிலும் பட்டைகள். ஒரு பாதி வெளிர் நிறம், மறு பாதி அடர் நிறம். கட்டங்களைத் திருப்பி அடுக்கினால் அதே துண்டுகள் வைரமாகவும் தெரியும், சாய்கோடாகவும் தெரியும்.

ஓவியர்கள் இந்த வடிவத்தோடு நிற்கவில்லை. சாயம் வெளுத்த இடம், தையல் அமுங்கிய பள்ளம், துணியின் சுருக்கம் எல்லாவற்றையும் மெல்லிய வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசிக் காட்டினார்கள்.

1942 வரை 18,000-க்கும் அதிகமான படங்கள் சேர்ந்தன. இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளன. ஆனால் இரண்டு விஷயங்கள் மனதை உறுத்துகின்றன. வரைந்தவர் பெயர் படத்தோடு இருக்கிறது; தைத்த பெண்ணின் பெயர் பல போர்வைகளுக்கு இல்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகள் செய்த பொருள்களை, அது மானிடவியலாரின் வேலை என்று சொல்லித் தொகுப்பில் சேர்க்கவே இல்லை. யாரை எழுதுகிறோம், யாரை விடுகிறோம் என்பதுதானே வரலாறு!

இத்திட்டத்தை முன்மொழிந்தவர்களில் ஒருவர் ரூத் ரீவ்ஸ் என்ற துணி வடிவமைப்பாளர். அவர் 1956-இல் இந்தியா வந்தார். நம் கைவினைஞர்களின் மெழுகு வார்ப்பு முறையைப் பற்றி நூல் எழுதினார். 1966-இல் டெல்லியிலேயே காலமானார். போர்வைகளைப் பதிவு செய்யச் சொன்ன அந்தக் கண்கள், நம் பட்டறைகளையும் பார்த்துவிட்டுத்தான் மூடின.

பேரக்குழந்தைகள் கோணம் படிக்கும்போது இந்தப் போர்வைக் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். தைத்தவர்களையும் நினைவில் வைக்கச் சொல்லுங்கள்.