கரண்ட் இல்லை என்று யார் சொன்னது?

எடிசன், வெஸ்டிங்ஹவுஸ் சண்டையை நம் துறையில் படிக்காதவர்கள் இருக்க மாட்டார்கள். டிசியா, ஏசியா என்று ஒரு அத்தியாயமே உண்டு. அந்தச் சண்டைக்கு நடுவே கம்பத்தில் தொங்கிச் செத்த லைன்மேனைப் பற்றி மட்டும் நம் புத்தகத்தில் ஒரு வரி கூட இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

அவர் பெயர் ஜான் ஃபீக்ஸ். நியூயார்க்கில் வெஸ்டர்ன் யூனியன் தந்தி கம்பெனியில் வேலை. அன்றைய மன்ஹாட்டன் தெருக்களில் தந்தி, டெலிபோன், தெருவிளக்கு என எல்லாக் கம்பெனிக் கம்பிகளும் தலைக்கு மேலே சிலந்தி வலை மாதிரி ஓடின. தந்திக் கம்பியில் இருப்பது சொற்ப வோல்ட். பக்கத்திலேயே போகும் ஆர்க் விளக்குக் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட். அதன் மேலுறையோ வெயிலிலும் மழையிலும் உரிந்து தொங்கும். 'அண்டர்ரைட்டர்ஸ் வயர்' என்ற அந்த ரகக் கம்பிக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் 'அண்டர்டேக்கர்ஸ் வயர்'. அதாவது வெட்டியான் கம்பி!

1889 அக்டோபர் 11, மதியச் சாப்பாட்டு நேரம். ஃபீக்ஸ் கம்பத்தில் ஏறி, தந்திக் கம்பிகளுக்கு நடுவே வேலை செய்துகொண்டிருந்தார். வெறும் கையால் ஒரு கம்பியைப் பிடித்தார். பல தெருக்களுக்கு அப்பால் எங்கேயோ அந்தக் கம்பி உயர் அழுத்த ஏசி கம்பியோடு உரசிக்கொண்டிருந்தது. வலது கையில் நுழைந்த மின்சாரம், ஆணி பதித்த இடது பூட்ஸ் வழியே வெளியேறியது. உடல் கம்பிகளிலேயே சிக்கிப் புகைந்துகொண்டிருக்க, கீழே ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் தொட்டது 'கரண்ட் இல்லாத' கம்பியைத்தான்.

ஊரே கொதித்தது. கம்பிகளை அறுத்தெறிய மேயர் ஹியூ கிராண்ட் உத்தரவு போட, மின்விளக்குக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கின. டிசம்பரில் தடை நீங்கியதும் ஆட்கள் கோடாலியோடு இறங்கினார்கள். பல தெருக்கள் இருண்டு போயின. கம்பிகளை மண்ணுக்கடியில் புதைத்தால் மட்டும் போதாது, சாவு வீட்டுக்குள்ளேயே வரும், ஏசியையே தடை செய்ய வேண்டும் என்று எடிசன் பத்திரிகையில் எழுதினார். அவர் விற்றது டிசி என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். வெஸ்டிங்ஹவுஸ் அதற்குப் பதில் எழுதினார். கம்பத்தில் ஏறுகிறவன் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பது இவர்கள் சண்டையில் பெரிதாக வரவில்லை.

அதைக் கையில் எடுத்தவர்கள் லைன்மேன்களே. 1891 நவம்பரில் செயின்ட் லூயிஸில் பத்துப் பிரதிநிதிகள் கூடி மின் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். முதல் தலைவர் ஹென்றி மில்லர், அவரும் லைன்மேன். ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தவர். 1896 ஜூலையில் வாஷிங்டனில் வேலை செய்யும்போது ஷாக் அடித்துக் கம்பத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். படிக்கும்போது எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை.

இன்றைய முறை எளிமையானதுதான். சுவிட்சைத் திறந்து பூட்டுப் போட வேண்டும். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் சரிபார்த்து, பிறகு லைனில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கும் மேலே, எல்லாக் கம்பிகளையும் ஒன்றாக இணைத்து எர்த் செய்ய வேண்டும். டெஸ்டர் 'இல்லை' என்று சொன்ன பிறகும் எதற்கு எர்த்? அடுத்த நிமிடம் எங்கிருந்தாவது கரண்ட் வந்தால் அது ஆள் வழியாகப் போகாமல் எர்த் வழியாகப் போகும், ஃபியூஸோ பிரேக்கரோ விழுந்துவிடும்.

போன மழையில் எங்கள் தெருவில் கரண்ட் போனது. லைன்மேன் அண்ணன் எல்.சி. வாங்கிவிட்டார், டெஸ்டரும் வைத்துப் பார்த்துவிட்டார். பிறகும் எர்த் ராடை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். "கரண்ட்தான் இல்லையே, இது எதுக்குண்ணே?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் முனையிலிருந்த கடையைக் கை காட்டினார். அங்கே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சரியாகப் பிரிக்காமல் இணைத்திருந்தால், 230 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி மேலே 11,000 வோல்ட்டாக வந்து நிற்கும்.