வீட்டுக் கடனில் குறைந்துபோகும் வங்கி மதிப்பீடு: மதுரை வட்டார நடைமுறை

வாங்குபவரும் விற்பவரும் பேசி முடித்த விலையைவிட, கடன் தரும் வங்கி அந்த வீட்டுக்குப் போடும் மதிப்பு குறைவாக இருந்தால் விலையை மறுபடி பேச வேண்டிவரும். மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இந்தப் பேச்சு வாங்குபவருக்குக் கடினமாக அமைகிறது. காரணம், இங்கே அட்வான்ஸ் முதலில் கைமாறிவிடுகிறது; வங்கியின் மதிப்பீட்டாளர் அதற்குப் பிறகே வீட்டைப் பார்க்க வருகிறார்.

ஒரே வீட்டுக்கு மூன்று மதிப்புகள் உண்டு. ஒன்று பேசிய விலை. இரண்டாவது, பதிவுத்துறை தெருவாரியாகவும் சர்வே எண் வாரியாகவும் வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு. இது 2017 ஜூனில் 33 சதவீதம் குறைக்கப்பட்டது. 2023-இல் பழைய நிலைக்கு உயர்த்தப்பட்டது. 2024 ஜூலையில் மறுபடி திருத்தப்பட்டது. மூன்றாவது, வங்கியின் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளர் மனையையும் கட்டிடத்தையும் தனித்தனியே கணக்கிட்டு, கட்டிடத்தின் வயதுக்குத் தேய்மானம் கழித்துச் சொல்லும் மதிப்பு. வங்கி பொதுவாக ஒப்பந்த விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதன்மேல்தான் கடனைக் கணக்கிடும்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பொதுவாக இந்தக் கணக்கில் சேராது. கிரையப் பத்திரத்துக்கு இவை இரண்டும் சேர்ந்து 9 சதவீதம்.

60 லட்சத்துக்குப் பேசிய வீட்டுக்கு 52 லட்சம் மதிப்பு வந்தால் என்ன ஆகும்? எதிர்பார்த்த கடன் 48 லட்சம், கிடைப்பது 41.6 லட்சம். கையிலிருந்து போட வேண்டிய 12 லட்சம் 18.4 லட்சமாகிறது. பத்திரச் செலவு 5.4 லட்சத்தைச் சேர்த்தால் 23.8 லட்சம். விலையை 56 லட்சத்துக்கு இறக்க முடிந்தால் கடன் அதே 41.6 லட்சம்தான், ஆனால் கைப்பணத் தேவை 19.44 லட்சமாகக் குறையும். பேச உட்காருமுன் இந்தக் கணக்கைத் தாளில் எழுதி விற்பவர் முன் வைப்பது, "இவ்வளவுதான் முடியும்" என்று வாயால் சொல்வதைவிடப் பயன் தரும்.

மதிப்பு ஏன் குறைந்தது என்பதே பேரத்தின் திசையைத் தீர்மானிக்கிறது. மாசி வீதிகள், வெளி வீதிகளின் பழைய வீடுகளில் விலை முழுக்க மனையில் இருக்கிறது. வயதான கட்டிடம் மதிப்பீட்டில் பெரிதாக நிற்பதில்லை. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டிடம் எழும்பக் கூடாது என்ற விதி வேறு இருக்கிறது. மாடி மேல் மாடி கட்டலாம் என்று சொல்லி விற்கும் விலை அங்கே செல்லாது. விளாங்குடி, ஆனையூர் போன்ற விரிந்த பகுதிகளில் கேள்வி வேறு. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனை 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி வரன்முறை செய்யப்பட்டதா, வரைபட அனுமதிக்கு மேல் ஒரு தளம் ஏறியிருக்கிறதா? அனுமதியில்லாத தளத்தைப் பல மதிப்பீட்டாளர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. திருமங்கலம் சாலையில் தோப்பூர்ப் பக்கம், 2019 ஜனவரியில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டிய பிறகு, வரப்போகும் வளர்ச்சியைச் சொல்லியே விலை கேட்கிறார்கள். வங்கி பார்ப்பது இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்பதை.

இன்னொரு காரணம் எல்லா ஊருக்கும் பொது. "பக்கத்து பிளாட்டே இந்த ரேட்டுக்கு முடிஞ்சிருக்கு" என்று புரோக்கர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பத்திரம் வழிகாட்டி மதிப்புக்குப் பதிவாகி, மிச்சம் ரொக்கமாகப் போயிருந்தால், மதிப்பீட்டாளர் கண்ணில் படுவது பத்திரத்தில் உள்ள தொகைதான். உங்கள் பத்திரத்திலும் குறைத்துக் காட்டச் சொன்னால் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒப்பந்தத் தொகை மதிப்பீட்டுக்கும் கீழே இறங்கினால் கடனும் இறங்கும். அசையாச் சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2015 முதல் வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

எனவே முதலில் அறிக்கையின் நகலையோ குறைந்தபட்சம் காரணத்தையோ வங்கியிடம் கேட்க வேண்டும். பரப்பளவு தவறு, விடுபட்ட தளம் போன்றவை என்றால் அங்கீகரித்த வரைபடம், சொத்துவரி ரசீது, பட்டா கொடுத்து மறுமதிப்பீடு கோரலாம். வேறொரு வங்கியின் மதிப்பீடும் உதவும். காரணம் ஆவணக் குறை என்றால் அதைச் சரிசெய்யும் பொறுப்பும் செலவும் விற்பவருடையவை. கிரையத்துக்கு முன்பே அது முடிய வேண்டும். விலையே அதிகம் என்றால் இறக்கத்தான் கேட்க வேண்டும். அதற்கும் ஒரு கீழ்எல்லை உண்டு: வழிகாட்டி மதிப்புக்குக் கீழே விலை போனாலும் தீர்வை அந்த மதிப்புக்கே கட்ட வேண்டியிருக்கும், வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் இருவருக்கும் வருமான வரிச் சிக்கல் வரலாம். இடைவெளியைப் பர்சனல் லோன் வாங்கி அடைப்பதைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும், ஏனென்றால் அதன் தவணை வீட்டுக் கடன் தவணையோடு சேர்ந்து பல ஆண்டு சம்பளத்தைத் தின்னும்.

பேச்சு முறிந்தால் அட்வான்ஸ் என்னவாகும்? ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்கு உத்தரவாதமாகக் கொடுத்த முன்பணத்தை, வாங்குபவர் தவறினால், விற்பவர் வைத்துக்கொள்ளலாம். விலையின் ஒரு பகுதியாக மட்டும் கொடுத்ததை, ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதாமல் அப்படி வைத்துக்கொள்ள முடியாது என்று சதீஷ் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இல் கூறியது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். அதிலேயே, வங்கி மதிப்பீடு குறிப்பிட்ட தொகைக்குக் கீழே வந்தால் வாங்குபவர் விலகலாம், அட்வான்ஸ் முழுவதும் இத்தனை நாளுக்குள் திரும்பும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். விற்பவர் அதற்கு இசையவில்லையென்றால், மதிப்பீட்டாளர் வந்து போகும்வரை டோக்கன் தொகைக்கு மேல் கொடுக்காமலிருப்பது நல்லது.