தோடர் பாட்டில் நிற்கும் நீலகிரி இடப்பெயர்கள்

நீலகிரியின் மேல்மலைப் புல்வெளிகளில் எருமை வளர்த்து வாழ்ந்துவரும் தோடர்கள் தங்கள் ஊர், குன்று, ஓடை, எருமை என எல்லாவற்றுக்கும் வழிபாட்டிலும் பாட்டிலும் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். இவற்றில் மிகச் சிலவே அச்சிட்ட வரைபடங்களில் ஏறின. தோடா, திராவிட மொழிக் குடும்பத்தின் தென்பிரிவைச் சேர்ந்தது. பேசுவோர் ஏறக்குறைய 2,000 பேர். சொந்த எழுத்து இல்லை. மிகக் கடுமையான அழிவாபத்தில் உள்ள மொழிகளில் ஒன்றாக யுனெஸ்கோ இதைக் குறித்திருக்கிறது.

மலையின் வரைபடத்தை விரித்தால் யார் யார் ஆண்டார்கள், யார் யார் உழுதார்கள் என்பது தெரியும். தொட்டபெட்டா படகர் மொழிப் பெயர். எமரால்டும் வென்லாக்கும் ஆங்கிலேயர் விட்டுச்சென்றவை. அவலாஞ்சியும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததே. கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மேலே ஏறினார். இரண்டு ஆண்டு கழித்து, 1821 மார்ச்சில் சென்னைச் செய்தித்தாள் ஒன்றுக்கு வந்த கடிதத்தில் ‘வோட்டோகிமண்ட்’ என்ற பெயர் தலைகாட்டுகிறது. பின்னாளைய ஊட்டியின் முதல் அச்சுப்பதிவு அது. அதன் கடைசிப் பகுதி தோடர் குடியிருப்பைப் பிறர் குறிக்கும் ‘மந்து’. முன்பகுதி எங்கிருந்து வந்தது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

தோடர்கள் தாங்களே என்ன பெயர் சொன்னார்கள் என்று முறையாகக் கேட்டவர்களில் முக்கியமானவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். கேம்பிரிட்ஜிலிருந்து வந்த இவர் 1901–02இல் இங்கே தங்கிக் குறிப்பெடுத்து, 1906இல் ‘தி தோடாஸ்’ என்ற பெரும்நூலை வெளியிட்டார். தோடரின் பால்மனையே கோயில்; பால் கறந்து, கடைந்து, விளக்கேற்றுவதே பூசை. அங்கே சொல்லப்படும் வேண்டுதல்களின் முற்பகுதி பெயர்களின் வரிசை என்பதை ரிவர்ஸ் கண்டார். அன்றாடப் பேச்சில் புழங்கும் பெயர் அங்கே செல்லாது. எருமைப்பட்டிக்கு, நீர்த்துறைக்கு, குன்றுக்கு, மந்துக்கு எனத் தனித்தனியே ‘குவர்சம்’ என்ற வழிபாட்டுப்பெயர் உண்டு. ஒவ்வொரு மந்துக்கும் வரிசை வேறு. பூசகர் அதை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்த பிறகே எருமைக்கும் மக்களுக்கும் நலம் கேட்பார். அந்தப் பெயர்ப்பட்டியலே ஒருவகையில் நிலப்பதிவேடு. தாசில்தார் அலுவலகத்தில் மட்டும் அது இல்லை.

பாட்டுக்கு வந்தால் விஷயம் இன்னும் நுட்பமாகிறது. மொழியியலாளர் எம். பி. எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கித் தோடா, கோத்தா முதலிய மொழிகளை ஆராய்ந்தார். அவர் திரட்டிய பாடல்கள் ‘தோடா சாங்ஸ்’ என்ற நூலாக வெளிவந்தது 1971இல்தான். தோடரிடையே பாடகர் என்று தனிச்சாதியோ தொழிலோ இல்லை, ஏறத்தாழ எல்லாருமே பாட்டுக் கட்டுவார்கள் என்று அவர் எழுதினார். சாவு, திருமணம், கோயில் வேய்தல் என எந்த நிகழ்வுக்கும் அந்த இடத்திலேயே பாட்டு பிறக்கும். ஆடவர் வட்டமாகக் கைகோத்துக் குரல்கொடுத்து ஆட, ஒருவர் வரி எடுத்துக்கொடுப்பார். வரிகள் மூன்றசைச் சிறுதுண்டுகளாகவும் இரட்டை இரட்டையாகவும் அமையும். ஒன்றைச் சொன்னால் அதன் இணையையும் சொல்லியாக வேண்டும். ஊர்ப்பெயருக்கும் இதே விதி. பலநேரம் ஆளின் பெயரே வராது. அவருடைய மந்து, அவருடைய எருமை ஆகியவற்றின் பாட்டுப்பெயர்களைக் கேட்டே யாரைப் பற்றிய பாட்டு என்று புரிந்துகொள்வார்கள். பெயர் தெரியாதவனுக்குப் பாட்டு கட்டவும் வராது, கேட்கவும் வராது.

நிலம் கைமாறியபோது இந்தப் பெயர்கள் தளர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே புல்வெளிகளில் சீகை மரமும் தைல மரமும் நடப்பட்டன. விடுதலைக்குப் பின் நடவு இன்னும் விரிந்தது. பைக்காராவிலும் முக்கூர்த்தியிலும், பின்னர் குந்தா நீர்மின் திட்டத்தில் எமரால்டு, அவலாஞ்சியிலும் அணைநீர் மேய்ச்சல் நிலத்தை மூடியது. மேய்ச்சல் குறைய எருமை குறைந்தது. எருமை குறையப் பால்மனைகள் பூசையின்றி நின்றன. பால்மனை மூடினால் அதன் வேண்டுதலைச் சொல்ல ஆளில்லை. சொல்ல ஆளில்லாத குவர்சம் ஒரே தலைமுறையில் மறந்துபோகும்.

பெண்களின் கலை வேறு வழியில் தப்பித்தது. வெள்ளைப் பருத்திப் போர்வையான பூத்துக்குளியில், வரைந்துகொள்ளாமல் இழையை எண்ணியே சிவப்பு, கறுப்பு நூலால் வேலை செய்வார்கள். கோலங்களுக்குத் தோடா மொழியிலேயே பெயர் உண்டு. எமனோ 1937லேயே இதுபற்றித் தனிக்கட்டுரை எழுதினார். 2013இல் இந்தத் தையல்வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தைக்குப் போன துணி, கோலத்தின் பெயரைக் கூடவே கொண்டுபோவதில்லை என்பது வேறு கதை.

மீட்பு முயற்சிகள் ஒரே திசையிலிருந்து வரவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வழியாக ச. சக்திவேல் 1970களில் தோடா ஒலியியலையும் சொற்களையும் பதிப்பித்தார். உதகையில் பல்மருத்துவராக இருக்கும் தருண் சாப்ரா, பல ஆண்டுகள் தோடர் பெரியவர்களோடு மலைநடந்து, வேண்டுதலில் வரும் குன்றையும் சுனையையும் நேரில் அடையாளம் கண்டு, 2015இல் ‘தி தோடா லேண்ட்ஸ்கேப்’ நூலில் வைத்தார். என் கணிப்பில் எல்லாவற்றிலும் பயனுள்ள வேலை இதுதான். பெயரை நூலகத்திலிருந்து இறக்கி அதற்குரிய பாறையில் வைத்தது. தமிழ்நாடு அரசின் 2024–25 வரவுசெலவுத் திட்டம் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிவளங்களை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் அறிவித்தது.

எழுத்தில் வைப்பதும் எளிதில்லை. தோடாவில் மூன்று வகை ரகர அதிர்வொலிகள் உள்ளன. தமிழ் எழுத்தில் இருப்பவை ர, ற இரண்டே. எமனோவின் ஒலிக்குறியீட்டைப் பள்ளிப்பிள்ளை படிக்க முடியாது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் நூங்கார் மக்களோடு ஒப்பிட்டால் நிலைமை தலைகீழ். அங்கே ‘அப்’ என்று முடியும் நூங்கார் ஊர்ப்பெயர்கள் வரைபடமெங்கும் நிலைத்தன. பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்த அரசுக் கொள்கை பேச்சைத்தான் அறுத்தது. எழுத்தாளர் கிம் ஸ்காட் பங்கேற்ற விர்லோமின் திட்டம், 2020இல் மேடையேறிய நூங்கார் ‘மெக்பெத்’ போன்றவை பேச்சை மீட்க முனைந்தன. பெர்த் நகரை பூர்லூ என்று சொல்வதும் இப்போது பரவலாகிறது. நீலகிரியிலோ பேச்சு வீட்டில் உயிரோடிருக்க, பெயர்கள் வரைபடத்துக்கு வெளியே நிற்கின்றன.

சமவெளித் தமிழருக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக உறைக்காது. வேலூர்த் தோல்தொழில் பகுதியின் பேரணாம்பட்டு ஆங்கிலத்தில் ‘பெர்ணாம்பட்’ என்று சுருங்கிக் கிடந்தாலும் ஊராருக்கு அது பேரணாம்பட்டேதான். 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தி வந்த அரசாணை சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டபோதும் யாருடைய ஊரும் பெயரிழக்கவில்லை.

தோடரிடையே பெயர்கள் இன்றும் ஒலிக்கும் பொதுநிகழ்வு, முத்தநாடு மந்தில் மார்கழிக் குளிரில் நடக்கும் மொற்பர்த். பல மந்துகளின் ஆடவர் மூன்போ என்ற கோயிலின்முன் கூடி, வழிபட்டு, கைகோத்து ஆடிப் பாடுகிறார்கள். இளைஞர்கள் பாட்டை அங்கே கேட்டுக் கற்கிறார்கள்.