அமிர்திக் காட்டின் ஊர்வன: இனங்காணும் அறிவின் வரலாறு

அமிர்தி, வேலூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள வனப்பகுதி ஆகும். வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் உள்ள இங்கு, 1967-இல் தொடங்கப்பட்ட சிறு விலங்கியல் பூங்காவும் அருவியும் உள்ளன. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான ஜவ்வாது மலை பாலைவனம் அன்று. எனினும் அதன் அடிவாரச் சரிவுகளில் பாறையும் முட்புதரும் மிகுந்த வறண்ட இடங்கள் பல உண்டு. இத்தகைய நிலத்தில் நடந்து செல்வோர் ஓணான், அரணை, உடும்பு, பாம்பு ஆகியவற்றைக் காண்பது இயல்பு. கண்டது எது என்று அறியும் முறை இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக வளர்ந்து வந்த ஒன்றாகும்.

ரசலின் தேடல்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரான பேட்ரிக் ரசல், 1785-இல் கர்நாடகப் பகுதிக்கான கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையியலாளரானார். பாம்புக்கடி மரணங்கள் அவரது கவனத்தை ஈர்த்தன. நச்சுப் பாம்பையும் நச்சற்ற பாம்பையும் பொதுமக்கள் பிரித்தறிய எளிய வழி ஒன்று வேண்டும் என்பது அவரது நோக்கம். சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகளைப் பற்றிய அவரது நூல் வண்ணப்படங்களுடன் 1796-இல் வெளிவந்தது. அதில் பாம்புகளின் உள்ளூர்ப் பெயர்களையும் அவர் பதிவு செய்தார். மறு ஆண்டில் கண்ணாடி விரியனுக்கு அவரது பெயரே அறிவியல் பெயரில் சூட்டப்பட்டது. ஆனால் வயிற்றுச் செதில்களை எண்ணிப் பிரிக்கும் அக்கால முறைக்குப் பாம்பு கையில் இருக்க வேண்டும். வழியில் எதிர்ப்படும் பாம்புக்கு அது பயன்படாது.

வட ஆர்க்காட்டில் ஒரு கண்டுபிடிப்பு

சென்னை மாகாண வனத்துறையில் உயர் பதவி வகித்த படை அதிகாரி ரிச்சர்டு ஹென்றி பெடோம், தென்னிந்திய ஊர்வன பலவற்றை முதன்முதலில் விவரித்தவர். 1870-இல் அவர் விவரித்த பொன்னிறப் பல்லி திருப்பதி மலைப் பகுதியில் கிடைத்தது. திருப்பதியும் அமிர்தியும் அன்று வட ஆர்க்காடு என்ற ஒரே மாவட்டத்தில் இருந்தன. வறண்ட மலைப் பாறைகளிலும் அரிய உயிரினங்கள் உண்டு என்பதை இக்கண்டுபிடிப்பு காட்டியது.

இருளர் அறிவு

நூலறிவுக்கு வெளியே, இருளர் பழங்குடியினர் தடம், உதிர்ந்த தோல், எச்சம், வளையின் வாய் ஆகியவற்றைக் கொண்டே பாம்பை இனங்கண்டனர். தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்து வந்த இவர்களின் தொழில், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் நின்றது. ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியுடன் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டில் விடுவது இதன் முறை. அந்த நஞ்சு விஷமுறிவு மருந்து தயாரிக்க உதவுகிறது. இவ்வறிவுக்கு மதிப்பளித்து, மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஒன்றைப்போல் மற்றொன்று

ரசல் விரும்பிய ஒற்றை அடையாளம் இன்றுவரை கிடைக்கவில்லை. முக்கோணத் தலை விரியன்களுக்குப் பொருந்தும். நல்ல பாம்புக்கும் கட்டு விரியனுக்கும் பொருந்தாது. எனவே பல அடையாளங்களைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நல்ல பாம்பு படம் எடுக்கும், சாரை எடுக்காது. சாரையை நல்ல பாம்பின் ஆண் என்று கருதுவது தவறு. இரண்டும் வெவ்வேறு இனங்கள். கட்டு விரியனின் மெல்லிய வெண்பட்டைகள் கழுத்துக்குச் சற்றுப் பின்னரே தொடங்கும். நச்சற்ற ஓநாய்ப் பாம்பில் அவை முன்பகுதியில் தெளிவாக இருந்து வால் நோக்கி மங்கும். கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலி போன்ற மூன்று வரிசைப் புள்ளிகள் உண்டு. மண்ணுளிப் பாம்பின் திட்டுகள் ஒழுங்கற்றவை, வாலும் குட்டையானது. சுருட்டை விரியன் உடலைச் சுருட்டிச் செதில்களை உரசி, மரம் அறுப்பது போன்ற ஒலி எழுப்பும். அரணை கடித்தால் மரணம் என்பது வெறும் நம்பிக்கையே. அரணைக்கு நஞ்சு இல்லை.

இனங்காணுதலின் எல்லை

2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இந்தியாவில் தயாராகும் விஷமுறிவு மருந்து மேற்கண்ட நான்கு நச்சுப் பாம்புகளின் கடிக்கும் பொதுவானது. ஆகவே கடித்தது எது என்று அறியப் பாம்பைத் தேடுவதோ அடித்துக் கொண்டு செல்வதோ தேவையில்லை. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், கீறாமல், இறுகக் கட்டாமல், உடனே மருத்துவமனைக்குச் செல்வதே முறை. அமிர்தி போன்ற காட்டுப் பகுதியில் வழித்தொலைவும் சேர்வதால், தேடலில் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கு ஆபத்தாகும்.

இனங்காணும் அறிவு கடிபட்ட பின்னரைவிட, அதற்கு முன்னரே அதிகம் பயன்படுகிறது. எங்கே கால் வைக்கக் கூடாது, எதைத் தொடாமல் விலக வேண்டும், எந்தப் பாம்பை வீணாகக் கொல்லாமல் விட வேண்டும் என்பவற்றை அது கற்றுத் தருகிறது. இன்றைய மாணவர், செதிலை எண்ணப் பாம்பைப் பிடிக்க வேண்டியதில்லை. விலகி நின்று நோக்கினாலே போதும்.