சுழன்ற சக்கரம், சுழலாத சக்கரம்

2001 அக்டோபர் 23 அன்று ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஜீன்ஸ் பையிலிருந்து ஐபாட் என்ற பாட்டுக் கருவியை வெளியே எடுத்தார். 5 ஜிபி, 1,000 பாட்டு, 399 டாலர். அத்தனை பாட்டையும் சட்டைப் பைக்குள் அடைக்க டோஷிபாவின் 1.8 அங்குல ஹார்ட் டிஸ்க் வழிசெய்துவிட்டது. அடைத்ததில் வேண்டிய ஒன்றை எப்படி எடுப்பது? பொத்தானை எத்தனை தரம்தான் தட்டுவது?

சக்கரம் வைக்கலாம் என்றவர் ஆப்பிளின் சந்தைப்படுத்தலைக் கவனித்த ஃபில் ஷில்லர். சக்கரத்தால் பட்டியலை உருட்டுவது அப்போதே பழைய யோசனைதான். டென்மார்க்கின் பேங் அண்ட் ஓலுஃப்சன் தன் பியோகாம் 6000 தொலைபேசியில் அதைச் செய்திருந்தது. ஐபாடில் சுழற்றச் சுழற்றப் பட்டியலின் ஓட்டமும் வேகம் பிடித்தது. அந்த வேகம்தான் ஆயிரம் பாட்டைக் கட்டைவிரலுக்குள் அடக்கியது.

முதல் சக்கரம் நிஜமாகவே சுழன்றது. சுழலும் பாகம் என்றால் இடுக்கு உண்டு; இடுக்கு என்றால் தூசி உண்டு. 2002-இல் வந்த இரண்டாம் ஐபாடில் சக்கரம் நின்றுவிட்டது, விரல் மட்டும் சுற்றியது. விரல் பட்ட இடத்தில் மின்தேக்குத் திறன் மாறுவதை அடியிலிருந்த உணரி கண்டுகொண்டது. சக்கரம் அசையாததால் விரலுக்கு ஏதாவது சேதி வேண்டுமே? ஒவ்வொரு வரி நகரும்போதும் உள்ளேயிருந்த குட்டி ஒலிப்பான் 'டிக்' என்றது.

2003-இல் புத்தி தடுமாறியது. சக்கரத்தைச் சுற்றியிருந்த நான்கு பொத்தான்களையும் பிடுங்கித் திரைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரே வரிசையாக வைத்தார்கள். அவையும் தொடு பொத்தான்கள். இருட்டில் சிவப்பாக ஒளிரும். பார்க்க அழகு, பைக்குள் கைவிட்டு இயக்கத்தான் முடியாது. எது எந்தப் பொத்தான் என்று தடவிப் பார்த்தாலே பாட்டு மாறிவிடும்!

திருத்தம் இடநெருக்கடியால் வந்தது. 2004 ஜனவரியில் அறிமுகமான ஐபாட் மினியில் பொத்தான் வரிசைக்கு இடமே இல்லை. நான்கையும் சக்கரத்துக்கு அடியிலேயே புதைத்தார்கள்: தடவினால் பட்டியல் உருளும், ஓரத்தில் அழுத்தினால் சக்கரம் லேசாகச் சாய்ந்து அடியிலுள்ள சுவிட்சைத் தட்டும். வசதியாக இடம் இருந்திருந்தால் இந்த 'கிளிக் வீல்' பிறந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அதே ஆண்டு பெரிய ஐபாடும் அதை வாங்கிக்கொண்டது. (காப்புரிமை தன்னுடையது என்று ஜப்பானியர் ஒருவர் வழக்குப் போட, 2013-இல் டோக்கியோ நீதிமன்றம் அவருக்கு 33 கோடி யென் தரச் சொன்னது.)

2007-இல் ஐபோனும் ஐபாட் டச்சும் வந்ததும் சக்கரத்தின் வேலையைக் கண்ணாடித் திரை பறித்தது. 2009-இல் வந்த ஐபாட் ஷஃபிளில் ஒரு சுவிட்ச் தவிர உடம்பில் பொத்தானே கிடையாது. எல்லாம் இயர்போன் கம்பியில். கம்பியில் கட்டுப்பாடு இல்லாத வேறு இயர்போனைச் செருகினால் அந்தச் சுவிட்சை அணைப்பதைத் தவிரப் பாட்டை நிறுத்தக்கூட வழியில்லை. அடுத்த ஆண்டே பொத்தான்கள் திரும்பின.

சக்கரம் வைத்த கடைசி ஐபாடான கிளாசிக் 2014 செப்டம்பர் 9 அன்று கடையிலிருந்து இறக்கப்பட்டது. அதே நாளில்தான் ஆப்பிள் தன் கைக்கடிகாரத்தை அறிவித்தது. அதன் பக்கவாட்டில் பட்டியலை உருட்ட ஒரு திருகு இருந்தது, நிஜமாகவே சுழலும் திருகு. 2020-இல் அதே திருகு ஏர்பாட்ஸ் மேக்ஸ் ஹெட்போனில் ஏறியது: திருகினால் ஒலி கூடும், குறையும், ஒரு அழுத்துக்குப் பாட்டு நிற்கும், இரண்டு அழுத்துக்கு அடுத்த பாட்டு.